கழுத்தைத் தேடும் கயிறு

ஒருவனுடைய சுவர் இடிந்து விழுகிறது. இன்னொருவனுடைய ஆடு அதன் அடியில் சிக்கிச் செத்துப்போகிறது. ஆட்டுக்காரன் ராஜாவிடம் போய் நியாயம் கேட்கிறான். ராஜா உடனே சுவரைப் பிடித்துவரச் சொல்கிறார். சுவரைக் கொண்டுவர முடியாதே என்று மந்திரி தயங்க, அப்படியானால் அதன் அண்ணன் தம்பி, பிள்ளை, கூட்டாளி என்று யார் இருந்தாலும் இழுத்துவாருங்கள் என்கிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவருக்கு உறவுக்காரர்கள் கிடையாது என்று மந்திரி விளக்க வேண்டியிருக்கிறது. பாரதேந்து ஹரிஷ்சந்திரர் 1881இல் காசியில் எழுதிய ‘அந்தேர் நகரி’ என்னும் இந்திப் பிரகசனத்தின் (கேலி நாடகத்தின்) நாலாவது காட்சியில் வருவது இது. தலைப்பை ‘இருண்ட நகரம்’ என்று தமிழில் சொல்லலாம். ‘அந்தேர்’ என்ற சொல்லில் இருட்டோடு அநியாயமும் கலந்திருப்பதால் ‘அநியாயபுரி’ என்பது இன்னும் பொருந்தும்.

நாடகம் சின்னது, ஆறே காட்சிகள். காசியில் வங்காளிகளும் இந்தி பேசுகிறவர்களும் சேர்ந்து நடத்திய நேஷனல் தியேட்டர் என்ற குழுவுக்காக ஒரே நாளில் எழுதப்பட்டது என்று இந்தி இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. எழுதியவர் 1850இல் பிறந்து 1885இல் இறந்தவர். வாழ்ந்தது 34 வருடம்தான். அந்த ஒரு நாள் வேலை இன்றைக்கும் வட இந்தியாவில் பள்ளிக்கூட ஆண்டு விழா முதல் தெருமுனை நாடகம் வரை நடிக்கப்படுகிறது. ஒரே நாளில் எழுத முடிந்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம். கதையும் விலைவாசிப் பழமொழியும் மக்கள் வாயில் ஏற்கெனவே பழுத்துக் கிடந்தது இன்னொரு காரணம். கீரையும் பலகாரமும் ஒரே விலைக்கு விற்கும் ஊர், புத்திகெட்ட ராஜா என்கிற பழமொழி அவருக்கு முன்பே வழக்கில் இருந்தது. பிரயாகைக்கு எதிர்க்கரையில் உள்ள ஜூசியில் ஹர்போங் என்ற மூட ராஜா ஒருவன் ஆண்டதாகவும், அவனுடைய நீதியில் சிக்கிய சீடனைக் குரு காப்பாற்றியதாகவும் அந்தப் பக்கத்தில் கதை உண்டு. தறிகெட்ட ஆட்சிக்கு ‘ஹர்போங் ராஜ்ஜியம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த மடமன்னன் நீதியைப் பற்றி விமரிசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நாடகம் ஆங்கில ஆட்சியைச் சாடுகிறது என்பார்கள் சிலர். சுதேச ராஜாக்களையும் ஜமீன்தார்களையும் சாடுகிறது என்பார்கள் வேறு சிலர். பேராசை கூடாது என்று சொல்லும் நீதிக்கதைதான் அது என்பவர்களும் உண்டு. மூன்றுக்கும் நாடகத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மூன்றுமே யாரைச் சாடுகிறது என்பதைத்தான் பேசுகின்றன. அந்த நீதியில் பிசகு எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. ராஜா முட்டாள், அதனால் தீர்ப்பும் முட்டாள்தனம் என்று முடித்துவிட்டால் நாடகத்தில் பாதியை இழந்துவிடுவோம் என்பது என் எண்ணம். வழக்கைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தால், அந்தச் சபையில் விசாரணை இல்லாமல் யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது தெரியும். விசாரணை நடக்கிறது, எல்லாருடைய வாக்குமூலமும் கேட்கப்படுகிறது, காரணமும் தேடப்படுகிறது. அநியாயம் அந்த ஒழுங்குக்கு உள்ளேயே நடக்கிறது.

வழக்கைப் பார்ப்போம். சுவர் கல்லு பனியா என்கிற கடைக்காரனுடையது. அவனைக் கொண்டுவந்து நிறுத்தியதும், சுவரை ஒழுங்காகக் கட்டாதது கொத்தனுடைய குற்றம் என்கிறான். கொத்தன் சுண்ணாம்புக்காரனைக் காட்டுகிறான். கலவையில் தண்ணீர் அதிகமாகிவிட்டது, தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தியைக் கேளுங்கள் என்கிறான் சுண்ணாம்புக்காரன். கசாப்புக்காரன் தோல்பையைப் பெரிதாகத் தைத்துவிட்டான் என்கிறான் பிஸ்தி. இடையன் பெரிய ஆட்டை விற்றுவிட்டான் என்கிறான் கசாப்புக்காரன். அந்த நேரம் பார்த்துக் கொத்தவாலின் சவாரி வந்தது, கூட்டத்தில் சின்ன ஆடு எது பெரிய ஆடு எது என்று கவனிக்க முடியவில்லை என்கிறான் இடையன். ஒவ்வொருவரும் சொல்வதில் துளி உண்மை இருக்கிறது. தண்ணீர் கூடினால் சுண்ணாம்புக் கலவை பிடிக்காது. எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்வார். தோல்பை பெரிதானால் தண்ணீர் கூடும். ஆடு பெரிதானால் தோலும் பெரிதாகும். இப்படித் துளித்துளியாக உண்மையைக் கோத்துக்கொண்டே போய் முழுப் பொய்யில் வந்து நிற்கிறது விசாரணை. நீதிமன்றத்தில் கால் வைத்திருக்கிற எவருக்கும் இந்தப் பாதை தெரிந்த பாதைதான்.

கொத்தவால் என்றால் நகரக் காவல் அதிகாரி. சென்னையில் கொத்தவால் சாவடி என்ற பெயரில் அந்தப் பதவி இன்னும் நம் வாயில் இருக்கிறது. இடையன் அவரைக் காட்டிய இடத்தில் மந்திரி செய்கிற ஒரு காரியத்தை வாசகர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். இந்த ராஜா இப்படியே போனால் நகரம் முழுவதையும் கொளுத்திவிடுவாரோ, எல்லாரையும் தூக்கில் போடுவாரோ என்று மந்திரி தனக்குள் பயப்படுகிறார். பயந்ததும் கொத்தவாலின் பக்கம் திரும்பி, இவ்வளவு ஆடம்பரமாக ஏன் சவாரி போனாய் என்று அதட்டுகிறார். அதோடு வழக்கு கொத்தவாலின் தலையில் நின்றுவிடுகிறது. ராஜா குடிபோதையில் இருக்கிறார். வெற்றிலை போடுங்கள் என்று வேலைக்காரன் சொன்னால் சூர்ப்பணகை வந்துவிட்டாள் என்று காதில் வாங்கி எழுந்து ஓடப் பார்க்கிறவர். ஆட்டைப் பெண் என்கிறார், பிஸ்தியைப் படகு என்கிறார். அவருக்கு எதுவும் புரியவில்லை. மந்திரிக்கு எல்லாம் புரிகிறது. புரிந்த மனிதர் செய்தது என்ன? சங்கிலியை எங்கேயாவது அறுத்தாக வேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஆளைத் தள்ளிவிட்டார். முட்டாள் ராஜாவைவிடப் பயந்த மந்திரிதான் இந்த நாடகத்தில் என்னை அதிகமாகக் கலங்கவைக்கிறவர். மடமையால் மட்டும் ஓர் அரசு நடக்காது. அதற்குப் புத்திசாலிகளின் ஒத்தாசை வேண்டும்.

அப்புறம் கயிறு வருகிறது. கொத்தவால் ஒல்லி, சுருக்கு பெரிதாகப் போய்விட்டது. சேவகர்கள் போய்ச் சொன்னதும், குண்டான ஆளாகப் பார்த்துப் பிடித்துத் தூக்கில் போடச் சொல்கிறார் ராஜா. ஆடு செத்ததற்கு யாராவது தண்டனை அடைந்தே தீர வேண்டுமாம், இல்லாவிட்டால் நியாயம் நடக்காதாம். காட்டோரம் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்த கோவர்த்தனதாசன் என்ற இளம் சாமியார் அகப்படுகிறான். ஊரில் இத்தனை பேர் இருக்க நான் ஏன் என்று அவன் கேட்கிற கேள்விக்குச் சேவகர்கள் சொல்கிற பதில் நாடகத்தின் உயிர்நாடி. ராஜாவின் நியாயத்துக்குப் பயந்து இந்த ஊரில் யாரும் கொழுப்பதில்லை என்பது முதல் காரணம். உள்ளூர்க்காரனைப் பிடித்தால் அவன் ஏதாவது பேசி, வழக்கு எங்கள் தலையிலேயே வந்து விடியும் என்பது இரண்டாவது காரணம்.

இந்த இரண்டாவது காரணத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கல்லு பனியாவிலிருந்து இடையன் வரை அத்தனை பேரும் தப்பித்தது வாயால். அவர்களுக்குத் தொழில் இருக்கிறது, தொழில் வழியே இன்னொருவனோடு தொடர்பு இருக்கிறது, கை நீட்டிக் காட்ட ஆள் இருக்கிறான். கோவர்த்தனதாசனுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. அவன் கட்டவில்லை, விற்கவில்லை, வாங்கியது மிட்டாய் மட்டும். அவனுக்கு முந்தியவர்கள் எல்லாரும் காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவன் கழுத்தின் அளவால் தேர்ந்தெடுக்கப்படுகிறான். குற்றத்துக்கு ஏற்ற தண்டனை என்கிற எண்ணம் போய், தண்டனைக் கருவிக்கு ஏற்ற ஆள் என்று ஆகிவிடுகிறது. கயிறு முதலில் தயாராகிவிட்டது. கழுத்தைப் பிறகு தேடுகிறார்கள். மடமன்னன் நீதியின் பிசகு இங்கேதான் இருக்கிறது.

உலகத்தின் பல மூலைகளில் இந்தக் கதை கிடைப்பதற்கும் இதே காரணம் என்று நினைக்கிறேன். நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன் அட்டவணையில், கழுமரத்துக்குப் பொருத்தமாக நிரபராதியைத் தேர்ந்தெடுக்கும் கதைக்கு 1534ஏ என்று தனி எண்ணே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் சேகரித்த கன்னடக் கதையில் செத்தது ஆடு இல்லை, கன்னம் வைக்கப் போன திருடன். சுவர் இடிந்து அவன் செத்ததற்கு அவனுடைய தம்பி வந்து நியாயம் கேட்கிறான். வீட்டுக்காரன் கொத்தனைக் காட்டுகிறான். சுவர் கட்டும்போது தெருவில் ஒரு நாட்டியக்காரி சலங்கை ஒலிக்க மேலும் கீழும் நடந்தாள், கவனம் சிதறிவிட்டது என்கிறான் கொத்தன். தட்டான் நகையைத் தராமல் இழுத்தடித்ததால்தான் நடந்தேன் என்கிறாள் அவள். பணக்கார வியாபாரி தன் வீட்டுக் கல்யாண நகையை முதலில் முடிக்கச் சொன்னார் என்கிறான் தட்டான். அந்த வியாபாரி இறந்து வெகுகாலம் ஆயிற்று. அப்பன் சொத்து பிள்ளைக்கு வருமென்றால் குற்றமும் வரவேண்டியதுதானே என்று மகனைக் கழுவேற்ற உத்தரவாகிறது. அவனோ ஒல்லி. கழுமரத்துக்கு ஏற்ற குண்டன் வேண்டும். அங்கேயும் ஊரில் தங்கித் தின்று கொழுத்த ஒரு சீடன்தான் கிடைக்கிறான்.

இந்த வடிவத்தில் குற்றமும் வாரிசுச் சொத்தாக இறங்குகிறது என்பது இந்தியில் இல்லாத கூர்மை. வரிசையில் உள்ளவர்களும் வேறு: இந்தியில் சுண்ணாம்பு, தண்ணீர், தோல், ஆடு என்று கட்டுமானப் பொருளின் வழியே போகிற பழி, கன்னடத்தில் சலங்கை, நகை, கல்யாணம் என்று ஆசையின் வழியே போகிறது. கதை சொல்கிறவர்கள் தங்கள் தெருவில் இருந்த தொழில்களைக் கொண்டு சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள்.

அரபு உலகில் இதே கதை காராகூஷ் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருடப் போனவன் சன்னலில் ஏறும்போது கால் ஒடிகிறது. வீட்டுக்காரன் தச்சனையும், தச்சன் வழியில் போன பெண்ணின் சிவப்பு உடையையும் காட்ட, பழி சாயக்காரனிடம் வந்து நிற்கிறது. அவன் நெட்டை, தூக்கு மாட்ட உயரம் போதவில்லை. குட்டையான சாயக்காரன் ஒருவனைப் பிடித்துத் தொங்கவிடு என்பது தீர்ப்பு. காராகூஷ் கற்பனை ஆள் இல்லை. சலாவுதீனின் தளபதி, கெய்ரோவின் கோட்டையைக் கட்டுவித்தவர், சிலுவைப் போரில் ஏக்கர் (Acre) நகரைக் காத்து 1191இல் சிறைப்பட்டவர். அவர் காலத்திலேயே வாழ்ந்த இப்னு மம்மாத்தி என்ற அதிகாரி அவருடைய தீர்ப்புகளைக் கேலி செய்து ஒரு சிறு நூல் எழுதினார். அந்தக் கேலியே நிலைத்து, கொடுங்கோல் தீர்ப்புக்கு இன்றைக்கும் ‘காராகூஷ் தீர்ப்பு’ என்று பெயர். உண்மையான காராகூஷ் அவ்வளவு மோசமான நிர்வாகி இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கோட்டைகளையும் மதில்களையும் எழுப்பக் கடுமையாக வேலை வாங்கிய ஒரு மனிதரின் மேல் மக்கள் இந்தக் கதையைக் கட்டிவிட்டார்கள். சுவர் கட்டியவன் பெயரோடு சுவர் வழக்கின் உறவுக்கதை ஒட்டிக்கொண்டது தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

தமிழில் நமக்கு நேர் எதிர்த் துருவம் கிடைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொன்ன மனுநீதிச் சோழன் கதையை ‘அந்தேர் நகரி’யோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் செத்தது ஒரு விலங்கு. இரண்டிலும் வழக்கு நேரே ராஜாவிடம் வருகிறது. திருவாரூரில் கன்று தானாகத்தான் துள்ளிவந்து சோழன் மகனுடைய தேர்க்காலில் விழுந்தது. சாத்திரப்படி கழுவாய் செய்துவிடலாம் என்று அமைச்சர்கள் வழி சொல்கிறார்கள். அதாவது சோழனுக்கும் தப்பித்துக்கொள்ள ஒரு சங்கிலி நீட்டப்படுகிறது. அவன் அதைத் தொடவில்லை. மகன்மீது தேரோட்டப் பணிக்கப்பட்ட அமைச்சர் அதைச் செய்யமாட்டாமல் உயிரை விட, சோழன் தானே தேரை ஏற்றுகிறான். திருவாரூரில் தண்டனை வெளியிலிருந்து அரசனின் வீட்டுக்குள் வருகிறது. அநியாயபுரியில் அது அரண்மனையிலிருந்து கிளம்பி ஆதரவற்ற ஒருவனைத் தேடிப் போகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில்கூடக் கன்றுக்கு ஈடாக ஒரு பிள்ளை சாக வேண்டுமா என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கிறது. சேக்கிழார் தியாகேசர் அருளால் கன்று, மகன், அமைச்சர் மூவரையும் எழுப்பித்தான் கதையை முடிக்க முடிந்தது. அரசன் தானே நீதிபதியாக இருந்து உடனுக்குடன் தீர்த்துவைக்கும் முறையின் உச்சம் திருவாரூர், பாதாளம் அநியாயபுரி. முறை ஒன்றுதான்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் இன்னொரு வகை கிடைக்கிறது. வாடகை மாட்டின் நிழலில் குரு இளைப்பாறியதற்கு மாட்டுக்காரன் தனியாகக் கூலி கேட்கிறான். வழக்கு அபத்தம், தீர்ப்பு அறிவார்ந்தது. நிழலுக்குக் கூலி பணத்தின் ஓசை என்று பஞ்சாயத்து முடிகிறது. அங்கே மடமை வழக்காடுகிறவனிடம் இருக்கிறது, தீர்ப்பவரிடம் இல்லை. மரியாதை ராமன் கதைகளும் இந்தக் கட்சிதான். நம்முடைய அச்சுப் புத்தகங்கள் அறிவாளித் தீர்ப்புகளையே அதிகமாகத் தூக்கிப் பிடித்தன.

ஆனால் நீதிமன்றத்தை மேடையில் சந்தேகிக்கிற மரபு நம் மண்ணில் பழையது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ அதற்குச் சாட்சி. காபாலிகன் ஒருவனின் கபாலப் பாத்திரம் தொலைந்துபோகிறது. பௌத்தத் துறவி எடுத்துவிட்டார் என்று தகராறு. மத்தியஸ்தம் செய்ய ஒரு பாசுபதன் வருகிறான். வழக்குமன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு வந்ததும் காபாலிகனின் தோழி தேவசோமை மறுக்கிறாள்: விகாரைகளின் சொத்தெல்லாம் இந்தத் துறவிகள் கையில் இருக்கிறது, மன்றத்து அதிகாரிகளின் வாயை அவர்கள் நிரப்பிவிடுவார்கள், ஏழைகளான நாம் எப்படி வெல்வது என்பது அவள் கவலை. உண்மையில் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். அதைத் திருப்பிக் கொண்டுவருகிறவன் ஒரு பைத்தியக்காரன். ஆட்சியில் இருந்த அரசனே தன் தலைநகரின் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு பாத்திரத்தை இப்படிப் பேசவைத்தான். 1917இல் திருவனந்தபுரம் கணபதி சாஸ்திரி இந்தச் சுவடியைப் பதிப்பித்த பிறகு உலகம் அதைப் படித்தது. ஏறத்தாழ 1,260 ஆண்டுகள் கழித்து வந்த பாரதேந்துவுக்கு இந்த நாடகம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டும் பிரகசனம் என்ற ஒரே குடும்பம்.

பாரதேந்துவின் இலக்கு யார் என்ற பழைய கேள்விக்கு வருவோம். பீகாரில் ஒரு ஜமீன்தாரைத் திருத்துவதற்காக எழுதினார் என்ற செய்தி உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது காட்சியில் சூரண வியாபாரி வந்து தன் சரக்கைப் பாடி விற்கும்போது, அதைத் தின்று செரித்தவர்களின் பட்டியலில் இரட்டை லஞ்சம் விழுங்கும் குமாஸ்தாக்கள் வருகிறார்கள், சட்டத்தையே செரிக்கும் போலீஸ்காரர்கள் வருகிறார்கள், இந்துஸ்தானம் முழுவதையும் செரித்துவிட்ட வெள்ளைக்காரத் துரைகளும் வருகிறார்கள். சுண்டல்காரன் பாட்டில் இரட்டை வரி போடும் அதிகாரிகள் வருகிறார்கள். இது 1881. இந்திய மொழி அச்சை அடக்க வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தது. அடுத்த ஆண்டுதான் நீக்கப்பட்டது. கல்கத்தாவில் இளவரசர் வருகையைக் கேலி செய்த நாடகத்தைத் தொடர்ந்து 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டமும் வந்திருந்தது. பாரதேந்து நடத்திய ‘கவிவசனசுதா’ இதழில் வந்த ஒரு கேலிக் கட்டுரைக்காக அரசாங்கம் அதன் பிரதிகளை வாங்குவதை நிறுத்தியிருந்தது. அடிபட்ட மனிதர் அவர். துரைகளை நேரடியாகச் சொல்ல வேண்டியதைச் சந்தைக் கூச்சலுக்குள், செரிமான மருந்து விற்கிறவனின் வாயில் வைத்தார். கேட்பவன் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வியாபாரி வந்துவிடுவான். ஒற்றனுக்கு எழுதிக்கொள்ள நேரம் இருக்காது.

சந்தைக் காட்சிக்கும் சபைக் காட்சிக்கும் உள்ள உறவைப் பலர் விலைவாசிக் கேலி என்று மட்டும் படிக்கிறார்கள். ஒரு டக்காவுக்கு ஒரு சேர் எதுவும் கிடைக்கும். டக்கா என்றால் இரண்டு பைசா. கோவர்த்தனதாசன் பிச்சையெடுத்த ஏழு பைசாவுக்கு மூன்றரைச் சேர் மிட்டாய் வாங்கிவருவதைக் கணக்குப் பார்த்தால் சரியாகவே வருகிறது. கீரைக்கும் மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் இருக்க வேண்டாம், கிளம்பு என்கிறார் அவனுடைய குரு. பண்டத்துக்குப் பண்டம் வேறுபாடு பார்க்காத சந்தையும், குற்றவாளிக்கும் வழிப்போக்கனுக்கும் வேறுபாடு பார்க்காத சபையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்பது பாரதேந்துவின் கட்டமைப்பு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மூடி மறைப்பது நியாயமாகாது. அதே சந்தையில் ஒரு பிராமணன் ஒரு டக்காவுக்குச் சாதி விற்கிறான். காசு கொடுத்தால் யாரை எந்தச் சாதியாகவும் ஆக்கித் தருகிறேன் என்கிறான். பணத்துக்காகச் சாத்திரத்தை விற்ற புரோகிதர்களைச் சாடும் இடம் அது. ஆனால் ஐந்தாம் காட்சியில் கோவர்த்தனதாசன் பாடும் பாட்டில் உயர்ந்தவனும் தாழ்ந்தவனும் ஒன்றாகிவிட்டார்களே என்ற புலம்பலும் வருகிறது. காசியின் பெரிய அகர்வால் செல்வக் குடும்பத்தில் பிறந்தவரின் அச்சம் அந்த வரிகளில் தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே விலை என்பதும் எல்லாரும் சமம் என்பதும் ஒன்றில்லை. இந்த வேறுபாட்டை நாடகம் தெளிவாகப் பிரிக்கவில்லை. சமத்துவத்தை அராஜகத்தின் பக்கத்தில் உட்காரவைத்தது அதன் குறை. பெரியாரும் அம்பேத்கரும் பேசிய மண்ணில் இதை மேடையேற்றுகிறவர்கள் அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடக் கூடாது. அதே சமயம், அந்த ஊரில் உயர்வு தாழ்வு ஒழியவே இல்லை என்பதற்கு நாடகமே சாட்சி சொல்கிறது: கொத்தவால் தப்பிக்கிறார், பரதேசி மாட்டிக்கொள்கிறான்.

கடைசிக் காட்சி சுடுகாடு. குரு வந்து சீடனின் காதில் ஏதோ சொல்கிறார். இருவரும் நான்தான் தூக்கில் ஏறுவேன் என்று அடித்துக்கொள்கிறார்கள். இந்த நல்ல வேளையில் சாகிறவன் நேரே சொர்க்கம் போவான் என்று குரு சொன்னதும் சேவகர்கள், மந்திரி, கொத்தவால் எல்லாரும் போட்டிக்கு வருகிறார்கள். ராஜா இருக்கும்போது வேறு யார் போவது என்று ராஜாவே ஏறிவிடுகிறார். அதுவரை கை மாறிக்கொண்டே இருந்த பழி இப்போது பரிசாகிவிட்டது. பழியை எல்லாரும் தள்ளிவிட்டார்கள், பரிசை எல்லாரும் இழுக்கிறார்கள். பரிசு என்றால் அதிகாரம் உள்ளவனுக்குத்தான் முதலிடம். அந்த விதியே ராஜாவைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகிறது. குடிமக்கள் யாரும் எழவில்லை. வெளியூர்க்காரர் ஒருவரின் சாமர்த்தியம்தான் காப்பாற்றுகிறது. மக்களை வெறும் பார்வையாளர்களாக விட்டுவிட்டாரே என்று குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

இந்தியையும் கன்னடத்தையும் பிரிக்கும் பெரிய வேறுபாடு முடிவில் இருக்கிறது. கன்னடக் கதையில் இந்தக் கழுவில் முதலில் சாகிறவன் மறுபிறவியில் இந்த நாட்டுக்கே ராஜா, அடுத்தவன் மந்திரி என்று குரு சொல்ல, ராஜாவும் மந்திரியும் ரகசியமாகப் போய் ஏறிச் செத்துப்போகிறார்கள். ஊரார் கெஞ்ச, குருவும் சீடனும் ராஜா, மந்திரி ஆகி, இரவைப் பகலாகவும் பகலை இரவாகவும் மாற்றியிருந்த பழைய ஆணையை நீக்குகிறார்கள். கெட்ட ராஜா போய் நல்ல ராஜா வந்தார் என்ற ஆறுதல் அங்கே இருக்கிறது. நம் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ படமும் 2006இல் இதே ஆறுதலைத்தான் தந்தது: மூடப் புலிகேசியின் இடத்துக்கு அறிவுள்ள இரட்டைச் சகோதரன் வருகிறான். பாரதேந்து அந்த ஆறுதலைத் தரவில்லை. ராஜாவைத் தூக்குமேடையில் நிறுத்தித் திரையை இறக்கிவிடுகிறார். சிம்மாசனம் காலியாக இருக்கிறது. இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்க இன்னும் நாலு வருடம் இருந்த காலத்தில், அடுத்து யார் என்று சொல்லாமல் விட்டதைத் துணிச்சல் என்றே நான் எண்ணுகிறேன்.

நாடகத்தை அடக்கும் சட்டங்கள் அதன்பிறகும் வெகுகாலம் இருந்தன. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து 1954இல் சென்னை மாநிலம் தனியாக ஒரு நாடகச் சட்டமே போட்டது. எழுத்துப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதன் நிழலில் நீடித்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. 1876ஆம் ஆண்டின் மூலச் சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. கொத்தவாலைக் கேலி செய்யும் நாடகத்துக்குக் கொத்தவாலிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்த காலம் சட்டப்படி முடிந்துவிட்டது.

ஆகவே தமிழ் நாடகக் குழுக்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதை மேடையேற்றுங்கள். பெரிய செலவு கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு கயிறு, கூடைகள் சில போதும். தெருக்கூத்தில் அரசனுக்குச் சேவகனாகவும் சனங்களுக்குச் சிநேகிதனாகவும் ஒரே சமயத்தில் நிற்கிற கட்டியக்காரன் நம்மிடம் இருக்கிறான். அந்தப் பயந்த மந்திரியை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். குழந்தைகளுக்காகச் சுருக்குகிறோம் என்று சூரண வியாபாரியையும் சாதி விற்கிறவனையும் வெட்டிவிடாதீர்கள். கடைசியில் ராஜா தூக்குமேடை ஏறிய பிறகு அந்த நாற்காலியை மேடையிலேயே விட்டுவையுங்கள். அதில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.